எல்லை கடந்த ஊழியம்

பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு. திரும்பி நடந்தால் கேரளம். இடையே மலையுமில்லை, பேராறுமில்லை. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும் இணைய வேண்டுமென்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது; அது நிறைவேறவில்லை. ஆகவே அத்தாலுகாவின் எல்லைச் சிற்றூர்களில் தமிழ் பேசுவோர் இன்றும் சிறுபான்மையினராக வாழ்கின்றனர். எல்லையால் பின்னர் நீரும் பிரிந்தது. நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர் 2004-ல் நின்றுபோயிற்று.

இந்த எல்லை நாட்டில் பிறந்து, தம் உழைப்பில் பெரும்பகுதியைத் தமிழகக் கிராமங்களுக்கு ஈந்த ஒரு பெரியாரை மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவரே ஜி. இராமச்சந்திரன்.

1904-ல் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பிறந்த அவர், சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பயின்றார். 1924-ல் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அப்போது வயது இருபது. மாணவராயினும் கேட்கத் தயங்கவில்லை: இயந்திரங்கள் அனைத்தையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா? மனிதன் உடலே ஓர் இயந்திரமாயிற்றே, தமது எதிர்ப்பு இயந்திர மோகத்தின்மீதுதான் என்று அடிகள் விளக்கினார். தையல் இயந்திரத்தை நல்ல இயந்திரத்துக்குச் சான்றாகவும் காட்டினார். தொழிலுக்கு நடுநாயகம் மனிதனே என்ற அப்பாடம் இளைஞரின் வாழ்க்கையையே வகுத்தது.

1940-ல் அவர் டாக்டர் சௌந்தரத்தை மணந்தார். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் இளமையிலே கணவரை இழந்தவர். பின்பு மருத்துவம் கற்றவர். சாதியையும் மொழியையும் கடந்த அத்திருமணம் அக்காலத்தில் எளிதானதா? பெற்றோர் எதிர்த்தனர், காந்தியடிகள் முன்னின்று நடத்தி வைத்தார்.

1947-ல் இருவரும் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு நடந்த பணி எத்தகையது? தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கஸ்தூரிபா மருத்துவமனை, கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வி, கதரும் கிராமத் தொழில்களும், ஆதரவற்றோருக்கு இல்லம். வெளியிலிருந்து வந்து உதவி செய்துவிட்டுப் போனால் கிராமம் மறுபடியும் கையேந்தும். கிராமத்தாருள்ளேயே செவிலியும் ஆசிரியரும் தொழிலாளியும் உருவானால் பணி நிலைக்கும். பயிற்சிக்கு அங்கே முதலிடம் தந்ததன் காரணம் இதுவே. 1956-ல் தோன்றிய கிராமியக் கல்விக்கழகம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே மாணவர்க்குச் சாந்திசேனைப் பயிற்சியும் பாடத்தோடு பாடமாயிற்று.

பதவிகளும் அவரைத் தேடி வந்தன. 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார்; கதர், கிராமத் தொழில் ஆணையத்தின் தலைமையையும் ஏற்றார். ஆயினும் முதுமையில் அவர் திரும்பியது நெய்யாற்றின்கரைக்கே. அன்னையின் பெயரால் மாதவி மந்திரம் என்னும் சேவை நிலையத்தை அங்கே நிறுவினார். 1995-ல் மறைந்தார்.

நண்பர்களே! எல்லைச் சிற்றூர்களில் தாய்மொழிக் கல்விக்காகக் குரல் எழுப்புவது நம் உரிமை, அதனைக் கைவிடலாகாது. ஆனால் அங்குள்ள பிள்ளைக்கு எழுத்தறிவிக்கவும், நோயாளிக்கு மருந்து தரவும் எந்த ஆணையத்தின் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டுமா? மலையாள நாட்டில் பிறந்தவர் தமிழ்க் கிராமத்தைத் தம் வீடாகக் கொண்டார். விடுமுறையில் ஒரு வாரம் பாறசாலைப் பக்கம் சென்று ஒரு மாலைப் பள்ளியையேனும் நடத்த நம் சங்கத்தால் இயலாதா? இயலும். இவ்வாண்டே தொடங்குவோம்.