பெயர் தெரியாதவருக்குப் பட்ட கடன்

1991 இறுதிக்கும் 1992 டிசம்பருக்கும் இடைப்பட்ட காலம். சோமாலியாவைப் பஞ்சமும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து சூறையாடிக்கொண்டிருந்தன. தார்ச்சாலை முடிந்து, மண்பாதையில் வெகுதூரம் போய், நிவாரண அமைப்புகள்கூட அதுவரை எட்டிப் பார்க்காத ஒரு குக்கிராமத்தை அடைந்தார் பி.பி.சி. நிருபர் ஜார்ஜ் அழகையா. பட்டினிச் சாவைப் படம்பிடிக்கும் வேலை. குடிசை குடிசையாகப் போய்வந்தபோது, எலும்பும் தோலுமாக இருந்த ஒருவர் இவரைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். சில நொடிகள்தான். ஏன் அந்தச் சிரிப்பு என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார் அழகையா. இந்தக் கோலத்தில் அயலார் கண்ணில் பட நேர்ந்ததே என்ற கூச்சமாம்.

பசித்தவருக்கு வெட்கம், பார்க்க வந்தவருக்கு நல்ல படம். இந்த அநியாயம் அழகையாவின் மனதை விட்டு அகலவேயில்லை. ஆப்பிரிக்க அனுபவங்களைப் பற்றி 2001-இல் வெளியிட்ட நூலில், பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக எழுதினார். அவர் செய்த தொண்டுகளை எல்லாம் இந்தக் கடனோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

கொழும்பில் 1955-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அழகையா. தந்தை பொறியாளர். 1961-இல் குடும்பம் கானாவுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பு. வளரும் நாடுகளைப் பற்றி எழுதிய ‘சவுத்’ என்ற பத்திரிகையில் தொழில் பழகி, 1989-இல் பி.பி.சி.யில் சேர்ந்தார். ஈராக்கின் குர்துகள், ருவாண்டா இனப்படுகொலை, லைபீரியா, சியரா லியோன் என்று மனிதர்கள் நொறுங்கிய இடங்களிலிருந்தெல்லாம் செய்தி தந்தார். 2003 முதல் பி.பி.சி.யின் மாலை 6 மணிச் செய்தியில் அவர் முகம் தெரிந்தது. 2007 முதல் அதன் முதன்மை வாசிப்பாளர் அவர்தான். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபின் இலங்கையிலிருந்தும் செய்தி வழங்கினார். கடல் விழுங்கிய தாத்தா வீட்டில், சகோதரிகளோடு விளையாடிய பழைய கிணற்றை மட்டும் அவரால் அடையாளம் காண முடிந்தது.

புகழ் வந்தால் அறக்கட்டளை விழாக்களில் குத்துவிளக்கேற்றக் கூப்பிடுவார்கள். அழகையா தேர்ந்தெடுத்தது வேறு வகை. 2002-இல் ‘ஃபேர்டிரேட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பின் புரவலரானார். அது பிச்சை போடும் அமைப்பல்ல. காப்பி, கோகோ, வாழை போன்றவற்றை விளைவிப்போருக்கு, சந்தை எவ்வளவு சரிந்தாலும் குறைந்தபட்ச விலை கிடைக்க வேண்டும் என்கிறது. விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் உண்டு. அதில் கிணறு வெட்டுவதா, பள்ளிக்கூடம் கட்டுவதா என்பதை விளைவிப்போரே கூடி முடிவு செய்வார்கள். கைநீட்டிக் கூசி நிற்க வேண்டியதில்லை. விற்ற பொருளுக்கு நியாயமான காசு வாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து போகலாம். சோமாலியாவில் அந்தக் கூச்சத்தைக் கண்டவர் இந்த அமைப்பைத் தேடிப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

2009-இல் சிக்கல் வந்தது. செய்தி வாசிப்பவர் ஒரு வர்த்தகக் கொள்கையை ஆதரிக்கும் அமைப்பில் இருப்பது நடுநிலைக்கு முரண் என்றது பி.பி.சி. நிர்வாகம். அவர் விலகினார். நிர்வாகத்தின் தரப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாது. நடுநிலை என்ற நம்பிக்கைதான் அந்த நிறுவனத்தின் முதல். ஆனாலும், உழைத்தவனுக்கு விலை கொடு என்று சொல்வதில் எந்தக் கட்சியின் சாயம் இருக்கிறது? அந்த விலகல் தேவையற்றது என்பதே என் கருத்து.

2014 ஏப்ரலில், 58 வயதில், அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் நான்காம் கட்டம். கல்லீரல் வரை பரவியிருந்தது. சுற்றுச் சுற்றாக கீமோதெரபி, அறுவை சிகிச்சைகள். தேறியவுடன் மீண்டும் செய்தி மேசைக்கு வந்தார். இந்த முறை கேமராவுக்கு முன்னால் தன்னையே நிறுத்தினார். மலம், ரத்தம் என்று பேசக் கூசும் சொற்களை, செய்தி வாசித்த அதே நிதானமான குரலில் பொதுவெளியில் பேசினார். ‘பவல் கேன்சர் யூகே’ தொண்டு நிறுவனத்துக்காக நோயாளிகளோடும் மருத்துவர்களோடும் உரையாடி ஒரு பாட்காஸ்ட் தொடரையே நடத்தினார்.

அவருடைய வாதம் எளிமையானது. ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே மலப் பரிசோதனைப் பெட்டி வீடு தேடி வருகிறது. இங்கிலாந்தில் அப்போது 60 ஆக வேண்டியிருந்தது. 50 என்று இருந்திருந்தால், நோய் முற்றுவதற்குள் தனக்கே மூன்று முறையாவது பரிசோதனை நடந்திருக்கும் என்றார். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கும் நோய் இது. அவர் இப்படிப் பேசியது 2018-இல். அதே ஆண்டில், வயது வரம்பை 50 ஆகக் குறைக்கப்போவதாக இங்கிலாந்தில் அறிவிப்பு வந்தது. நோயாளிகளும் அமைப்புகளும் நெடுங்காலம் கேட்டுவந்தது அது. அழகையாவின் குரலுக்கும் அதில் பங்குண்டு.

2023 ஜூலை 24 அன்று, 67 வயதில் அவர் காலமானார்.

இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அரசுப் பரிசோதனைத் திட்டம் உண்டு. பெருங்குடலுக்கு வீடு தேடி வரும் பெட்டி எதுவும் இங்கே இல்லை. ஆகவே மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மூன்று வாரங்களுக்கு மேல் மாறியிருந்தாலோ மூலமாகத்தான் இருக்கும் என்று கைவைத்தியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.