குடிநோய்க்குப் பூட்டு மருந்தன்று

செனாயின் தாமான்களிலும் அவற்றை அடுத்த செம்பனைத் தோட்டங்களிலும் குடியினால் சீரழியும் குடும்பங்களைக் காணுந்தோறும், அவர்கள் செய்யும் பரிகாரமே குடியைக் காட்டிலும் பெரிய அபாயமாய் முடிவது என் மனத்தை வாட்டுகிறது. கோயிலில் சத்தியம் வாங்கி, மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கி, ஆளை அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மறுநாள் கை நடுங்கி, கொடுத்த தேநீரில் பாதி மார்பில் சிந்துகிறது. இரவில் வலிப்பு வருகிறது. மூன்றாம் நாள், போர்வையில் இல்லாத எறும்புகளை அவர் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கத் தொடங்கியதும், பேய் பிடித்ததென்று பூசாரியைத் தேடி ஓடுகிறார்கள்.

பேயுமன்று, பாசாங்குமன்று. மது மூளையின் இயக்கத்தை அடக்குவது. ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் குடிப்பவரின் மூளையோ அந்த அடக்கத்தை எதிர்த்துத் தன்னைத் தானே முடுக்கிக்கொண்டு பழகியது. ஆகையால் மது திடீரென்று நின்றவுடன் அந்த முடுக்கம் தடையின்றிப் பாய்ந்து, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பாகவும், அதையடுத்துச் சித்தப்பிரமையாகவும் வெளிப்பட்டு, சிகிச்சை கிட்டாவிடில் பிராணனையே கொண்டுபோகக்கூடும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, கேட்பவர்தாம் குறைவு.

தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து 1947-இல் கெடாவில் தொழிலாளர் போராடிய காலந்தொட்டு, குடியை ஒழுக்கக்கேடாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். விஞ்ஞானம் அதற்கப்பால் வெகுதூரம் சென்றுவிட்டது. இரட்டையரை ஆராய்ந்த ஆய்வுகள், இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவதென்று காட்டியிருக்கின்றன. 1948-இல் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கொப்சன் என்னும் இருவர், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமற்செய்யும் டைசல்ஃபிராம் மருந்தின் பயனை வெளியிட்டனர். குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் பின்னர் வந்தது. கோவாவில் நடந்து 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்விலோ, மருத்துவரல்லாத பயிற்சிபெற்ற ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியதனாலேயே, மூன்று மாதத்தில் மீண்டோர் விகிதம் 26 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாய் உயர்ந்தது.

குழம்பில் டைசல்ஃபிராம் மருந்துப்பொடியை இரகசியமாய்க் கலக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. டைசல்ஃபிராம் உள்ளே இருப்பதறியாது ஒருவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து இருதயம் தத்தளிக்கும். அறியாதவருக்கு அதைக் கொடுப்பது சிகிச்சையாகாது, விஷப்பரீட்சை.

இனிச் செய்யவேண்டியது. வலிப்போ, பிதற்றலோ, கடும் நடுக்கமோ கண்டால் 999-ஐ அழையுங்கள், அல்லது கூலாய் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், அன்றாட அளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தவறிப்போகும். அவ்வளவு அவசரமில்லையெனில், மைகாட்டுடன் அரசு சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே மனநல நிபுணருக்கான பரிந்துரைக் கடிதத்தை, அதாவது ‘சூராட் ருஜூக்கானை’, வாயால் கேட்டு, கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்பவேண்டும். அக்கடிதம் இருந்தால் தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனை போன்ற அரசு மனநல மருத்துவமனைகளில் நிபுணரைக் காணும் வழி சுலபமாகிறது. நோயாளியாய் வந்தவரைப் ‘போலீசுக்குப் போ’ என்று முகப்பிலேயே விரட்டும் ஊழியர்களைப் பற்றிக் கேள்விப்படுகையில் கோபம் மூளுகிறது. அப்படி யாரேனும் சொன்னால் மருத்துவரைக் காணாமல் நகராதீர்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தாலேயே பலர் சிகிச்சைக்கு வருவதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு அளிக்கிறது. ஆனால் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தகவல் தரவேண்டும். தவறினால் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவார். நோயாளி படுக்கையில் கிடக்கையில் மனைவியோ மகனோ அதை வாட்சப்பிலாவது எழுத்தில் அனுப்பி, எம்.சி. எனும் மருத்துவச் சான்றிதழின் பிரதியைப் பத்திரப்படுத்தட்டும். நாற்பத்தெட்டு மணி நேரம், மறவாதீர்கள்.

நோய் என்று சொன்னதனால் அடிபட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. கணவர் கைநீட்டினால், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகா அதிகாரி பிறப்பிக்கும் ‘இ.பி.ஓ.’ என்னும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு ஒன்று 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் போலீஸ் புகார் முன்னதாக வேண்டியதில்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்தில் வழங்கவேண்டிய அவ்வுத்தரவு ஏழு நாள் செல்லும். இரவானாலும் 15999 என்ற எண்ணில் தாலியான் காசே உதவித் தொலைபேசியை அழைத்து, ‘இ.பி.ஓ.’ வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.