வெள்ளமா, வெல்லமா? ரேடியோவில் அடிக்கடி கேட்கும் தமிழ்ப் பிழைகள் என்னென்ன?

'ஏரிக்கரையில் வசிப்பவர்களுக்கு வெல்ல எச்சரிக்கை', 'நாளை பல்லிகளுக்கு விடுமுறை'. ரேடியோவில் இப்படிக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால், விஷயம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல.

டிவியில் வாசிப்பவர் தடுமாறினாலும் திரையில் எழுத்து ஓடும், பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ரேடியோவில் காதில் விழுவதுதான் செய்தி. புயல் நேரத்தில் கரன்ட் போய், செல்போன் சிக்னலும் போய்விட்டால், பேட்டரி ரேடியோவைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ல, ள, ழ: என்ன வித்தியாசம்?

எல்லாமே நாக்கு செய்யும் வேலைதான்.

* ல: நாக்கு நுனி மேல்பல்லின் அடிப்பகுதியைத் தொடும். (வெல்லம், பல்லி)
* ள: நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். (வெள்ளம், பள்ளி)
* ழ: நாக்கு வளையும், ஆனால் அண்ணத்தில் ஒட்டாது, வருடுவது போல நெருங்கும். (மழை, வாழை)

ர, ற விஷயத்திலும் கவனம் தேவை. 'ர' மென்மையாக, 'ற' அழுத்தமாக ஒலிக்க வேண்டும். புயல் கடப்பது 'கரை'யை. சட்டையில் படிவதுதான் 'கறை'.

இலக்கணத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

* 'ஒவ்வொரு மாவட்டங்களிலும்' தவறு. 'ஒவ்வொரு' வந்தாலே அடுத்து ஒருமைதான்: 'ஒவ்வொரு மாவட்டத்திலும்'.
* 'அணைகளின் நீர்மட்டம் உயர்ந்து வருகின்றன' தவறு. உயர்வது அணைகள் இல்லை, நீர்மட்டம். எனவே 'உயர்ந்து வருகிறது'.
* 'சுவற்றில்' தவறு, 'சுவரில்' சரி. கிணறுதான் 'கிணற்றில்' ஆகும்.
* 'முயற்சிக்கிறார்' என்பதைவிட 'முயல்கிறார்' அல்லது 'முயற்சி செய்கிறார்' என்பதே சரி.

ஒற்றெழுத்தை விழுங்கினாலும் சிக்கல்தான். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் தந்தத்தால் செய்த பலகை. ஒரே ஒரு 'ப்' பொருளையே மாற்றிவிடுகிறது.

அப்போ பேச்சுத்தமிழ் தப்பா?

இல்லவே இல்லை. நேயர்களோடு அரட்டை அடிக்கும் நிகழ்ச்சியில் 'வாங்க, சொல்லுங்க' என்பதுதான் இயல்பு. தென்மாவட்டப் பேச்சில் 'ழ', 'ள' ஆவதும், சென்னைப் பேச்சில் 'ய' ஆவதும் வட்டார வழக்கு. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால், செய்தியும் வானிலை அறிவிப்பும் எல்லா ஊருக்கும் ஒரே பொருளில் போய்ச் சேர வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

மைக் முன் உட்காரும் முன்பு ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கலாம். செல்போனிலேயே பதிவு செய்து கேட்டால் பிழை தெரிந்துவிடும். ஊர்ப் பெயரில் சந்தேகமா? அந்த ஊர்க்காரரிடமே கேட்டுவிடுவது நல்லது.

டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்து, 2022-ல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியைப் பெரும்பாலான நேயர்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும், அந்தத் தெளிவான உச்சரிப்பைக் கேட்டதுமே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ரேடியோவில் அதுதான் முகம்.