உப்பைத் தொடாத கரி

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் ஆகியவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர், உள்ளாட்சிக் குழாய் நீர், டேங்கர் லாரி நீர், கேன் நீர் என ஒரே வீட்டிற்குள் பல வகை நீர் புழங்குவதால், சுத்திகரிப்புக் கருவியிலுள்ள கரி எந்த நீரில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிவது அவசியமாகிறது.

கொங்கு வட்டாரத்தில் தொட்டி என வழங்கும் கொட்டாங்கச்சியைக் காற்றுக் குறைந்த நிலையில் சுட்டு, 800 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் திறந்து அது கிளர்வூட்டிய கரியாகிறது. அதன் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு பரப்பு அடங்கியிருக்கும். நாற்றமும் நிறமும் தரும் கரிமப் பொருள்களும் பூச்சிக்கொல்லி எச்சங்கள் பலவும் இத்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதையே வேதியியலார் பரப்புக் கவர்தல் என்பர். குளோரினோ ஒட்டுவதோடு நில்லாமல் கரியுடன் வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது.

ஆனால் நீரில் கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றைக் கரி ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. தென்புறநகரின் பல கிணறுகளில் உள்ள குறையோ உப்புதான். மொத்தக் கரைந்த உப்புகளுக்கு (டி.டி.எஸ்.) இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை ஏற்கலாம். அதற்கு மேற்பட்ட உப்பை நீக்குவது ஆர்.ஓ. சவ்வின் வேலை, அச்சவ்வைக் குளோரின் அரிக்காமல் காப்பதற்காகவே கரி அதற்கு முன்னால் வைக்கப்படுகிறது.

கரி கிருமிகளைக் கொல்வதுமில்லை. குளோரினை அகற்றி நீரின் காவலைக் கழற்றிவிடுவதால், நாள்கணக்கில் தேங்கும் நீரில் கரித்துளைகளே நுண்ணுயிர்களுக்கு வாழிடமாகலாம்; ஆகவே கரியைக் கடந்த நீருக்குப் புற ஊதாக் கதிரோ கொதிக்கவைத்தலோ தேவைப்படுகிறது.

துளைகள் அடைந்து நிரம்பிவிட்ட கரியைக் கழுவிப் புதுப்பிக்க இயலாது. விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே அளப்பதால், கரி தீர்ந்துபோனதை அது காட்டாது. குழாய் நீரைப் பொறுத்தவரை, உள்ளாட்சிப் பணியாளர் பயன்படுத்தும் குளோரின் சோதனைச் சொட்டு வடிகட்டிய நீரிலும் மஞ்சளானால் கரி ஓய்ந்துவிட்டது என அறியலாம். குளோரின் கலவாத கிணற்று நீருக்கு அச்சோதனையும் பயன்படாது என்பதால், உற்பத்தியாளர் குறித்த லிட்டர் அளவையோ மாதக் கணக்கையோ பார்த்தே கரியை மாற்ற வேண்டியிருக்கிறது.