'நங்கை': வயதும் மணமும் சுட்டாத மதிப்புச் சொல்

பெண்ணைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சுட்டுகின்றன. பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழும் பருவத்தைச் சொல்கின்றன. மனைவி, இல்லாள் முதலியன மணத்தைச் சொல்கின்றன. இவ்விரண்டிலும் அடங்காத சொல் நங்கை. பெண்டிருள் சிறந்தவள் என்பதே நிகண்டுகள் இதற்குத் தரும் பொருள். எதுகை நயத்திற்காக 'மங்கை நங்கை' என இணைத்துப் பேசும் பழக்கத்தால் இரண்டும் ஒருபொருட் சொற்களாக இன்று கருதப்படுகின்றன. மங்கை பருவப்பெயர், நங்கை அவ்வாறன்று.

தங்கை, எங்கை, நுங்கை என்னும் வரிசையில் வைத்து இச்சொல்லை நம் + கை எனப் பிரிக்கலாம். தம்பி, எம்பி, நும்பி என்பவற்றோடு நிற்கும் நம்பி இதன் ஆண்பால் இணை. ஏனையவை உறவுப்பெயர்களாகவே நிற்க, பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே தழுவும் 'நம்' சேர்ந்த இரண்டு மட்டும் சிறப்புப் பெயர்களாக உயர்ந்தன. ஒருவர் வீட்டுத் தங்கை அனைவர்க்கும் உரியவளாகும்போது உறவு மதிப்பாக மாறுகிறது எனக் கொள்வது பொருந்தும்.

பயன்பாட்டு நுட்பத்தைத் திருப்பாவை நன்கு காட்டுகிறது. ஐகார ஈறு விளியில் 'ஆய்' ஆகும் விதிப்படி அமைந்த 'நங்காய்', 14ஆம் பாசுரத்தில் பிறரை எழுப்புவதாக வாக்களித்துவிட்டுத் தானே உறங்கும் தோழியை நோக்கி வருகிறது. நாணமற்றவள் என்று சாடும் அதே மூச்சில் இந்த மதிப்புச் சொல்லும் வருவதால் அது கேலியாகிறது. அடுத்த பாசுரத்தில் உள்ளிருப்பவள் தன்னை அழைப்போரை 'நங்கைமீர்' என்கிறாள். அதில் மரியாதையை விடச் சலிப்பே மிகுதி. 20ஆம் பாசுரத்திலோ நப்பின்னையை விளிக்கும் 'நங்காய்' முழு வணக்கம். முன்னிருவகையினர் மணமாகாத ஆய்ச்சியர். நப்பின்னை கண்ணனின் துணைவி. சொல் இருதரத்தாருக்கும் ஒன்றே.

கல்வெட்டுச் சான்று இன்னும் கூர்மையானது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு, 'அணுக்கியார் பரவை நங்கையார்' என ஒருவரைக் குறிக்கிறது. கோயிலுக்குப் பெருங்கொடை அளித்த இவரும் அரசனும் நின்ற இடத்தில் குத்துவிளக்கு வைக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு. தேவியார் என்னும் பட்டம் இவருக்கு இல்லை. அணுக்கியார் என்பது அரசனுக்கு நெருக்கமானவர் என்பதையே சொல்கிறது. அந்த நெருக்கத்தைச் சொன்ன கல்வெட்டு, அதனால் அவருடைய மதிப்பைக் குறைக்கவில்லை.

கேரளத்தில் இச்சொல் சமூகப் பெயராயிற்று. 'ங்க' மலையாளத்தில் 'ங்ங' ஆவதால் நங்கையார் அங்கு நங்ஙியார். கூடியாட்டத்தில் மிழாவு முழக்குவோர் நம்பியார். பெண் வேடம் ஏற்போர் நங்ஙியார். பழைய இணை அரங்கில் பிரியாமல் நிற்கிறது.

தமிழகத்தில் பொதுவழக்கில் அருகிய இச்சொல்லுக்குப் புதுவாழ்வு தந்தது 'திருநங்கை'. 2008இல் நல வாரியம் அமைந்தபோது அரவாணி என்பதே வழங்கிற்று. அது கூவாகத்து அரவான் தொன்மத்தைச் சார்ந்த, களப்பலிக்கு முன் மணந்து மறுநாள் கைம்மை பூணும் நிலையை நினைவூட்டும் பெயர். பின்னர் அரசு ஆவணங்களிலும் இதழ்களிலும் திருநங்கை நிலைபெற்றது. இதைப் புத்தாக்கம் என்று மட்டும் கூறுவது போதாது. செல்வி, திருமதி என்னும் வழக்குகள் ஒரு பெண்ணின் மணநிலையைக் கேட்ட பின்னரே அவளை மதிக்கின்றன. நங்கை அக்கேள்வியைப் பரவையாரிடமும் கேட்டதில்லை.