விமானத்துக்கும் வேர்க்கும் பாஸ்!

கத்திரி வெயிலில் திருவேங்கடத்துல இருந்து சங்கரன்கோவிலுக்கு பைக்கில் போயிருக்கீங்களா? கரிசக்காட்டு அனல் அப்படியே மூஞ்சியில் அடிக்கும். ஃப்ரெண்டோட பல்சர் 220-ல் நான் போனப்போ, பாதி வழியில் இன்ஜின் கொதிக்க ஆரம்பிச்சிடுச்சு.

பட்டறை அண்ணாச்சி குனிஞ்சு பார்த்தார். "ஏலே தம்பி, ஆயில் கூலரை மறைச்சு ஸ்டைலா பிளேட்டை மாட்டிட்டு, வண்டி சுடுதுன்னா எப்படிலே?" பிளேட்டைக் கழற்றினோம், சூடு அடங்கிடுச்சு.

ரோட்டில் ஓகே. இதே கூத்து ஆறாயிரம் அடி உயரத்தில் நடந்தால்? வண்டியை ஓரங்கட்ட முடியுமா?

'வீட்ல யாரு பாஸ் விமானம் செய்றாங்க?'னு சிரிக்காதீங்க. நம்ம மலைக்கு அந்தப் பக்கம், ஆலப்புழாக்காரர் அசோக் தாமராக்ஷன் செஞ்சிருக்கார். லண்டனில் வேலை. கொரோனா காலத்தில் தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' கிட்டை வாங்கி, சுமார் 18 மாதத்தில் நாலு சீட் விமானமாகப் பூட்டிவிட்டார். 2022-ல் குடும்பத்தோடு பறந்தார். பெயர் 'ஜி-தியா'. தியா, அவர் மகள்!

அதில் இருப்பது ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் இன்ஜின். அந்தக் கம்பெனியின் 912 மாடல்தான், நம்ம என்.சி.சி. ஏர்விங் பறக்கும் 'வைரஸ்' குட்டி விமானத்திலும் இருக்கு.

இப்படி விமானம் கட்டுறவங்களைப் படுத்தி எடுக்கும் சமாசாரம்தான் ஆயில் கூலர். 'பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது'னு நினைச்சா, அங்கதான் ட்விஸ்ட்!

912 இன்ஜினில் ஆயில் 50 டிகிரி செல்சியஸ் தொடாமல் டேக்-ஆஃப் கூடாது. 90-லிருந்து 110 வரை இருந்தால் சமத்து. ரொம்பக் குளிர்ந்தாலும் வம்பு. இன்ஜினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலைக் கெடுத்துடும்.

அப்போ எந்த சைஸ்? கூலருக்கு உண்மையான பரீட்சை, மேலே ஏறும்போதுதான். இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும், வேகமோ கம்மி, அதனால் காற்றும் கம்மி. அதுக்குத் தாங்குற கூலர், மேலே போனதும் ஓவர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிருமே! அதனால்தான் ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்கு அனுப்பாத தெர்மோஸ்டாட்டைச் சேர்த்து மாட்டுறாங்க.

மாட்டுறதில் மூணு விஷயம்.

ஒண்ணு, காற்று உள்ளே வர வழி விட்டால் போதாது, வெளியேறவும் வழி வேணும். கூலரைத் தாண்டிய காற்று சூடாகி விரியும். வெளிவாசல் சின்னதா இருந்தா, உள்ளே வர்ற காற்றும் நின்னுடும். கூலரைச் சுற்றி இடுக்கு இருந்தாலும் காற்று அந்த ஈஸி ரூட்டில் நழுவிடும். அதை அடைக்கணும்.

ரெண்டு, அதிர்வு. கூலர் மெல்லிய அலுமினியம். மெல்லிய தகட்டில் தொங்கவிட்டால் தகடு விரிசல் விடும். தாங்கு பட்டை கொடுத்து, இன்ஜின் ஆடும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்கு நீளம் விடணும்.

மூணு, 912-ல் பம்ப், ஆயிலைக் கூலர் வழியாத்தான் உறிஞ்சுது. கூலருக்குள் காற்றுக் குமிழி சிக்கினால் பம்புக்கு ஆயில் கிடைக்காது. அதனால் ஆயில் குழாய் வாய்கள் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி மாட்டக்கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி காற்றை முழுசா வெளியேற்றணும்.

உங்க காலேஜ் டீம் ரேஸ் கார் கட்டுதா? பெரிய கூலருக்குக் கலெக்‌ஷன் பண்றதுக்கு முன்னாடி, காற்று எந்த வழியா வெளியே போகும்னு ஒரு தாளில் வரைஞ்சு பாருங்க.

எங்க அண்ணாச்சி ஒரு ஸ்பேனரோட சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்!