கியர்ப் பெட்டியின் எண்ணெய்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வந்து, கோமதியம்மனைத் தரிசித்துவிட்டு, அப்படியே செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறிச் செல்லும் கார்க்காரர்களில், எஞ்சின் ஆயிலைப் பார்த்துக்கொண்டவர் பலர் இருப்பினும், கியர் ஆயிலை நினைத்தவர் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். பற்சக்கரங்கள் உராய்ந்து தேயாமலும், உஷ்ணம் மிகாமலும் காப்பது அந்த எண்ணெய்தான். ஆட்டோமேட்டிக் வண்டியிலோ, கியரை மாற்றும் அழுத்தத்தையே அதுதான் சுமக்கிறது. கையால் கியர் மாற்றும் வண்டிகள் பலவற்றில், சமதளத்தில் நிறுத்திப் பெட்டியின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால், துவாரத்தின் கீழ்விளிம்புவரை எண்ணெய் நிற்கவேண்டும். எஞ்சின் ஆயிலைப்போல் இது எரிந்து தீர்வதில்லை. ஆகையால், குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே நிச்சயிக்கலாம். ஆட்டோமேட்டிக்கின் சிவந்த எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசுவது அபாயக்குறி. மலையேறுமுன், மெக்கானிக்கிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.